நாற்காலி (ஆடுவது) – 1

அயல்மொழிச் சொல்வள நிறுவனத்தின் வகுப்பறைக்குள் முதல் நாள் கால் வைத்த தச்சர், சுவரோரம் வரிசையாக நின்ற பதினெட்டு நாற்காலிகளைப் பார்த்ததும் உள்ளம் குளிர்ந்துபோனார். காலையிலிருந்து பட்டறையில் நின்று நின்று கடுத்த கால்கள். ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரலாம் என்று கையை நீட்டியபோது பின்னாலிருந்து ஒரு அலறல் வந்தது.

"தொடாதீங்க! அது பாடம்!"

அலறியவர் நிறுவனத்தின் ஒட்டுநர். பொருள்களின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவர் உத்தியோகம். இடுப்பில் பசை டப்பா, காதில் பேனா, கையில் தடித்த பதிவேடு. சட்டையில் 'முதுநிலை ஒட்டுநர்' என்று அட்டை குத்தியிருந்தார். அவருக்குக் கீழே இளநிலை ஒட்டுநர் என்று ஒருவரும் கிடையாது. இருந்தாலும் முதுநிலை முதுநிலைதானே. மாணவர்கள் அவரை முகத்துக்கு நேராகவே 'பசை' என்று கூப்பிட்டார்கள். அவர் அதை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டார்.

"அப்போ எங்கங்க உட்கார்றது?" என்றார் தச்சர்.

"நீங்க படிக்க வந்தீங்களா, உட்கார வந்தீங்களா?" என்றார் பசை.

ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு வெள்ளைச் சீட்டு இருந்தது. அதில் ஸ்பானிய மொழியில் 'சிய்யா' என்று எழுதியிருந்தது. சிய்யா என்றால் நாற்காலி. பதினெட்டிலும் அதேதான். அந்த நிறுவனம் சொற்களைப் புத்தகத்தில் கற்பிப்பதில்லை. பொருளிலேயே பெயரை ஒட்டி, பொருளைப் பார்த்துப் பார்த்துப் படிக்கச் சொல்வது அங்கத்திய முறை. நல்ல முறைதான். ஆரம்பத்தில் அந்த நாற்காலிகளில் மனிதர்கள் உட்காரவும் செய்தார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஓர் ஆய்வாளர், நாலைந்து நாற்காலிகளில் சீட்டு தேய்ந்து எழுத்து மங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார். 'மாணவர்களின் முதுகு பட்டதனால் ஐந்து சொற்கள் சேதம்' என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, சீட்டு ஒட்டிய எதுவும் பாடப்பொருள். பாடப்பொருளை யாரும் எந்த உபயோகத்துக்கும் எடுக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. உட்காராமல் நாற்காலியைப் படிப்பது அப்படித்தான் தொடங்கியது.

தச்சர் ஐம்பத்தெட்டு வயதில் இங்கே வந்து நின்றதற்குக் காரணம் அவருடைய ஒரே மகள். கடல் கடந்து, ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் அவள் குடித்தனம். மருமகனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை; விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். மகளுக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் பிரசவத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பயண அனுமதி அலுவலகத்தில் கேட்டபோது, இருவரில் ஒருவராவது அந்த நாட்டு மொழியில் 'முதல் நிலை: வீட்டுப் பொருள்கள்' என்ற சான்றிதழ் வைத்திருந்தால்தான் விண்ணப்பத்தையே கையில் வாங்குவோம் என்றார்கள். மூன்று மாதப் படிப்பு. மொத்தம் நாற்பது சொற்கள்.

"நாப்பது சொல்லுதானே," என்றாள் மனைவி. "நாற்காலி, மேசை, கட்டில்… வாழ்க்கை பூரா அதைத்தானே செஞ்சீங்க. நீங்களே போங்க. மூணு நாள்ல வந்துடுவீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த நகரத்தில் மூன்றில் ஒரு வீட்டில் அவர் இழைத்த கட்டிலிலோ நாற்காலியிலோதான் ஜனங்கள் படுத்தார்கள், உட்கார்ந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர் வந்தார்.

ஆசிரியை ஒரு நீண்ட கோலுடன் உள்ளே வந்தார். மாணவர்கள் பதினெட்டுப் பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கு 'கற்கும் நிலை' என்று பெயர். கை முன்னால் இருந்தால் எதையாவது தொட்டுவிடும் அல்லவா? ஆசிரியை கோலை நீட்டினார்.

"இது மேசா. எல்லாரும் சொல்லுங்க, மேசா."

"மேசைதானே?" என்றார் தச்சர். "நாமளும் அதைத்தானே சொல்றோம்!"

கோல் அந்தரத்தில் நின்றது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னு இல்லம்மா. வாயில தானா வருது. அந்தா நிக்குதே அலமாரி, அதுக்கு என்ன பேரு?"

"அர்மாரியோ," என்று சொல்லிவிட்டு ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, அது ஆறாவது வாரச் சொல்லு. நீங்க கேட்டிருக்கவும் கூடாது, நான் சொல்லியிருக்கவும் கூடாது."

பசை உடனே ஒரு படிவத்தை எடுத்து வந்தார். அதற்கு 'முன்னறிவு ஒப்புதல்' என்று தலைப்பு. நிறுவனம் கற்பிக்காமலேயே ஒரு மாணவருக்கு ஒரு சொல் தெரிந்திருந்தால், அந்தச் சொல்லைக் கற்பித்த பெருமை நிறுவனத்துக்கு நஷ்டமாகிறது. ஆகவே சொல்லுக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். ஆறாவது வாரம் வரும்வரை அர்மாரியோ என்ற சொல்லை நினைவில் வைத்திருக்க மாட்டேன் என்று தச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உறுதிமொழியை மீறுகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது.

வாரம் ஏற ஏறச் சொற்கள் ஏறின. புழங்குகிற பொருள்கள் குறைந்தன. மூன்றாவது வாரம் 'புவெர்த்தா' வந்தது. புவெர்த்தா என்றால் கதவு. பசை வந்து வகுப்பறைக் கதவில் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். கதவு பாடமாகிவிட்டதால் அதைத் திறக்க முடியாது. அன்றிலிருந்து பதினெட்டுப் பேரும் வெளியே செங்கல் அடுக்கி, ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து வந்தார்கள். நாலாவது வாரம் ஜன்னலுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அதன்பிறகு வகுப்பு தாழ்வாரத்தில் நடந்தது.

ஐந்தாவது வாரம் விளக்கு. அதை ஏற்றக் கூடாது. ஏழாவது வாரம் சுவர்க்கடிகாரம். கடிகாரத்தின் உபயோகம் மணி பார்ப்பது என்பதால் அதன்மேல் துணியைப் போர்த்தினார்கள். மணி தெரியாததால் வகுப்பை எப்போது விடுவது என்று ஆசிரியைக்குத் தெரியவில்லை. துடைப்பத்துக்கு 'எஸ்கோபா' என்று சீட்டு ஒட்டிய நாளிலிருந்து குப்பை சேர்ந்தது. டம்ளர்களில் ஒட்டிய நாளிலிருந்து எல்லோரும் குழாயடியில் கையேந்தித் தண்ணீர் குடித்தார்கள். தச்சருக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்பாள். ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு நேரே இங்கே வந்து நிற்பவள்.

"நின்னுக்கிட்டே தூங்கக் கத்துக்கிட்டேன் அண்ணே," என்றாள் அவள் ஒருநாள். "சொல்லு ஒண்ணும் ஏறலை. இது நல்லா ஏறிடுச்சு."

மகள் வாரம் தவறாமல் போன் பண்ணினாள்.

"அப்பா, தொட்டிலுக்கு இங்க கூனான்னு சொல்றாங்க. ஒண்ணு வாங்கி வெச்சிட்டோம். உங்களுக்குப் பிடிக்காது, ஆணி அடிச்சது. நீங்க வந்து சரி பண்ணுங்க."

தச்சர் மறுநாள் ஆசிரியையிடம், நாற்பது சொல்லில் தொட்டில் வருமா என்று கேட்டார். ஆசிரியை பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

"வராது. தொட்டில் இரண்டாம் நிலை."

"வீட்டுப் பொருள்தானேம்மா?"

"குழந்தை இருக்கிற வீடு இரண்டாம் நிலையில வருது. முதல் நிலையில குடும்பம் அந்த அளவுக்கு இன்னும் வளரலை."

தச்சர் தலையாட்டிக்கொண்டார். மூன்று மாதத்தில் அவர் கற்ற முக்கியமான பாடம் தலையாட்டுவது.

தேர்வு நாள் வந்தது. பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது. சான்றிதழைக் கொடுத்தால் அனுமதி வர இருபது நாள் ஆகும். தச்சர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பதினைந்து நாள் மிச்சம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

தேர்வுக்காகக் கதவைத் திறக்கச் சிறப்பு ஆணை வாங்கியிருந்தார்கள். கேள்வி கேட்க இயக்குநரே வந்திருந்தார். பெரிய உடம்பு. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறிச் சாய்ந்துகொண்டு நின்றார். முழங்கால் வலி என்று தச்சர் பார்த்தவுடன் கண்டுகொண்டார். இயக்குநர் கோலை நீட்ட நீட்ட, தச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். மேசா. காமா. லாம்பரா. எஸ்பேஹோ. முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவதாக நாற்காலி மட்டும் பாக்கி.

இயக்குநர் திரும்பும்போது அவர் இடுப்பு பதினொன்றாம் எண் நாற்காலியில் இடித்தது. நாற்காலி 'டொக் டொக்' என்று ஆடியது.

இதுதான் வினையாகப் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சத்தம் காதில்கூட விழுந்திருக்காது. முப்பத்தைந்து வருஷம் நாற்காலி செய்த மனிதனுக்கு, நாற்காலி ஆடுகிற சத்தம் காதோடு நிற்குமா? கை தானாக அவிழ்ந்தது. குனிந்தார், பின்பக்க இடது கால் பொருத்தில் இடைவெளி விட்டிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற மரச்சில்லு ஒன்றை எடுத்தார், பொருத்தில் செருகினார், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தட்டு தட்டினார். நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். பாறையாக நின்றது.

"இப்ப ஆடாதுங்க," என்றார் முகம் மலர்ந்து. "சிய்யா."

பசை பதிவேட்டைப் பிரித்து ஒரு வரியை வாசித்தார்.

"எண் பதினொன்று. நாற்காலி, அடைப்புக்குறிக்குள் ஆடுவது, ஒன்று."

"நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதா?" என்றார் இயக்குநர்.

"ஆட்டத்தை நிறுத்தினேங்க."

"யாரோட ஆட்டத்தை?"

"நாற்காலியோட…"

"நிறுவனத்தோட ஆட்டத்தை!"

இயக்குநருக்கு மேடைப் பேச்சு என்றால் உயிர். எதிரில் ஐந்து பேர் இருந்தாலே அவருக்கு மேடைதான். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"இந்த நாற்காலி இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்பு மூன்று இயக்குநர்கள் இருந்தார்கள். மூவரும் அறிஞர்கள். அவர்களில் எவராவது இதன்மேல் கை வைத்தார்களா? இல்லை! பழுது கண்ணில் படும், படத்தான் செய்யும். அதைப் பதிவேட்டில் ஏற்றி, ஏற்றியபடியே பாதுகாத்து, அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம். சரிசெய்துவிட்டால் பதிவேடு பொய்யாகிவிடும். நாளை ஆய்வாளர் வந்து ஆடும் நாற்காலி எங்கே என்று கேட்டால், நான் எதைக் காட்டுவேன்?"

ஆசிரியை கண் கலங்கினார். பசை கைதட்டினார்.

தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 'ஆட்ட மீட்புக் குழு' என்று ஒன்று அமைந்தது. தச்சர் நிறுத்திய ஆட்டத்தைத் தச்சரே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று குழு தீர்மானித்தது.

தச்சர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி என்ன ஏது என்று துளைத்தெடுத்த பிறகுதான் சொன்னார்.

"ஆட வைக்கணுமாம்."

"எதை?"

"நாற்காலியை."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆடுற சாமானை எடுத்துட்டு நம்ம வாசலுக்கு வராத ஆளு உண்டா? அதைச் சரி பண்ண ஒரு ஆளு, கெடுக்கிறதுக்கு ஒரு குழுவா?"

முதல் மூன்று நாள் அவருக்கு மனசே வரவில்லை. சில்லைப் பிடுங்கக் கை போவதும் திரும்புவதுமாக இருந்தது. பட்டறையில் வேலை தெரியாதவன் செய்த நாற்காலியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர், தன் கையாலேயே ஒன்றைக் கெடுக்க வேண்டியிருந்தது. அவமானமாக இருந்தது. மகள் நினைவு வந்தது. நாலாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினார். நாற்காலி ஆடியது. குழு நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தது. குழுவும் நின்றுகொண்டுதான் கூடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"முன்னே இடவலமா ஆடினது," என்றார் பசை. "இப்ப முன்பின்னா ஆடுது."

மறுபடி பிரித்தார், மறுபடி பொருத்தினார். இடவலமாக ஆடியது, சத்தம் போதவில்லை என்றார்கள். முன்பு இரண்டு 'டொக்', இப்போது ஒரு 'டொக்'தான். ஒன்பதாம் நாள் இயக்குநரே வந்து தன் இடுப்பால் இடித்துப் பார்த்து, ஆட்டம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று சான்று எழுதினார். தச்சரைப் பாராட்டவும் செய்தார். முப்பத்தைந்து வருஷத்தில் தன் வேலைக்காக அவர் தலை குனிந்தது அந்தப் பாராட்டின்போதுதான்.

முன்னறிவுக்கான இரண்டு மதிப்பெண் போக, நாற்பதுக்கு முப்பத்தெட்டு. தேறிவிட்டார். தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

"சர்டிபிகேட் குடுத்துடுங்கம்மா," என்றார் ஆசிரியையிடம்.

"அச்சாயிடுச்சு. இயக்குநர் கையெழுத்துதான் பாக்கி. அவர் அறையிலேயே போய்க் கேளுங்க."

இயக்குநர் அறையில் ஆளுயரத்துக்குச் சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு. நடுவில் தோல் உறை போட்ட பெரிய சாய்வு நாற்காலி. அதன் முதுகில் 'சிய்யோன்' என்று ஒரு சீட்டு. இயக்குநர் அதன் பக்கத்தில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதை இதுதான். பதினோரு மாதத்துக்கு முன்னால், நிறுவனத்தின் ஆண்டு விழாவில், விதி எல்லோருக்கும் ஒன்றே என்று இயக்குநர் ஆவேசமாகப் பேசினார். கைதட்டல் ஏற ஏற அவருக்கும் ஏறியது. "என் நாற்காலியிலும் ஒட்டுங்கள் சீட்டை!" என்று முழங்கினார். பசை உத்தரவை உத்தரவாக எடுத்துக்கொள்கிற மனிதர். அப்போதே ஒட்டிவிட்டார். சான்றிதழில் இயக்குநர் அமர்ந்த நிலையில்தான் கையெழுத்திட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. முன்பிருந்த ஒருவர் நின்றுகொண்டு போட்டதால் கோணிப்போய், அது அவர் கையெழுத்தே இல்லை என்று ஓர் ஆய்வாளர் எழுதிவிட்டுப் போயிருந்தார்.

"சீட்டைக் கிழிச்சுட்டா?" என்றார் தச்சர்.

"ஒரு சொல் சேதமாகும்."

"அப்போ பதினோரு மாசமா யாருக்குமே சர்டிபிகேட் போகலையா?"

இயக்குநர் நிமிர்ந்தார். மேசையைப் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை.

"இந்தப் பதினோரு மாதத்தில், இந்நிறுவனத்தின் ஒரு சான்றிதழ்கூடத் தொலைந்ததில்லை. ஒன்றுகூடத் தவறான கைக்குப் போனதில்லை. போலி என்று ஒரு புகார் உண்டா? வேறு எந்த நிறுவனம் இப்படி மார்தட்ட முடியும்?"

தச்சர் மறுநாள் இயக்குநர் உட்காரப் பட்டறையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே பசை மடக்கினார். பட்டியலைப் பார்த்தார். 'தபுரேத்தே' என்று ஒட்டினார். முக்காலி பாடமாகிவிட்டது, பாடம் வெளியே போகவும் கூடாது. அடுத்து ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். அதுவும் பட்டியலில் இருந்தது. வீட்டில் மனைவி காய்கறி நறுக்க உட்காரும் குட்டிப் பெஞ்சைக் கொண்டுவந்தார். 'பாங்கோ'. இப்படியே பதினோரு நாள் போயிற்று.

"இன்னும் வீட்டுல என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் மனைவி. "நான் ஒருத்திதான். என்னையும் கொண்டுபோய் ஒட்டிட்டு வாங்க."

அன்று மாலை மகள் போன் பண்ணினாள். குரல் கம்மியிருந்தது.

"கால் வீங்கியிருக்குப்பா. பயமா இருக்கு. வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவோம்மா," என்றார் தச்சர். போனை வைத்த பிறகு பட்டறைக்குள் போய் நின்றார். நாற்பது சொல்லும் மண்டைக்குள் ஓடின. பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் அவருடைய பழைய தாங்கி நின்றது: நடுவே ஒரு கட்டை, இரண்டு பக்கமும் விரிந்த நாலு கால். பலகையை அதன்மேல் கிடத்தித்தான் முப்பத்தைந்து வருஷமாக வாள் போட்டு அறுத்திருக்கிறார். நாற்பது சொல்லையும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் நாற்காலியைப் பார்த்திருக்கிறார்கள். நாற்காலி எப்படி உண்டாகிறது என்று பார்த்ததில்லை.

மறுநாள் தாங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பசை பதிவேட்டோடு பாய்ந்தார்.

"இது என்ன? நாற்காலியா?"

"முதுகு எங்கங்க இருக்கு?"

"முக்காலியா?"

"காலை எண்ணிப் பாருங்க."

"பெஞ்சு?"

"ஒரு சாண் அகலம்கூட இல்லையே. யாரு உட்காருவாங்க?"

பசை பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று தரம் வாசித்தார். பிறகு கீழிருந்து மேலாக வாசித்தார். வியர்த்துவிட்டது.

"பட்டியல்லயே இல்லையே."

"இல்லைங்க."

"அப்போ இப்படி ஒரு சாமானே கிடையாது," என்றார் பசை முடிவாக. "இல்லாததுல நான் எப்படி ஒட்டுறது? எடுத்துட்டுப் போங்க."

தச்சர் அதை நேரே இயக்குநர் அறைக்கு எடுத்துக்கொண்டு போய், மேசைக்கு முன்னால் வைத்தார். இயக்குநர் அதைப் பார்த்தார், சீட்டைத் தேடினார், இல்லை. வாசலில் நின்ற பசையைப் பார்த்தார். பசை கையை விரித்தார். இயக்குநர் மெதுவாக ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமும் போட்டு, கட்டையின்மேல் உட்கார்ந்தார். கால்கள் தரை எட்டாமல் தொங்கின. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. தச்சருக்கே ஒரு நிமிஷம் பாவமாகிவிட்டது, ஒரு நிமிஷம்தான்.

"கையெழுத்துப் போடுங்க," என்றார்.

முந்நூற்றுப் பன்னிரண்டிலும் போட்டார். முடித்த பிறகும் இறங்கவில்லை.

"பதினோரு மாசம் ஆச்சுய்யா," என்றார் சின்னக் குரலில். அடுத்த நொடி தொண்டையைச் செருமினார். "இவ்வளவு அருமையான ஒரு பொருளுக்கு நம் பட்டியலில் சொல் இல்லாதது பெருங்குறை. இதற்கென ஒரு குழு அமைத்து, உரிய ஸ்பானியச் சொல்லைக் கண்டறிந்து, முறைப்படி இதன்மேல்…"

தச்சர் தன் சான்றிதழை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மை காயக்கூட நிற்கவில்லை. தாங்கியை விட்டுவிட்டு வந்ததுதான் வயிற்றெரிச்சல். தேதிக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது.

அனுமதி அலுவலகத்தில் சான்றிதழை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அதன் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு, இருபது நாள் கழித்து வரச் சொன்னார்கள். தச்சர் கெஞ்சிப் பார்த்தார், இருபது இருபதுதான். இடையில் நர்ஸ் ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். அவளுக்கும் சான்றிதழ் கிடைத்துவிட்டது.

"உங்க தாங்கிக்கும் பேரு கண்டுபிடிச்சு ஒட்டிட்டாங்க அண்ணே," என்றாள். "அவர் மறுபடி நின்னுக்கிட்டிருக்கார்."

தச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்ன தேதியிலேயே பேரன் பிறந்துவிட்டான் என்று அதற்கு முன்தினம்தான் போன் வந்திருந்தது. மகள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தாள். மருமகன் வேலையிலிருந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தச்சரும் மனைவியும் போய்ச் சேர்ந்தது பேரன் பிறந்த ஆறாவது நாள். அந்த ஒன்பது நாள் இல்லாவிட்டால் பிரசவத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே அவள் பக்கத்தில் இருந்திருப்பார்கள். இரண்டு டொக்கா ஒரு டொக்கா என்று பார்த்த ஒன்பது நாள்.

மகள் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தச்சர் வாசலிலேயே நின்றார். கதவில் ஒரு வெள்ளைச் சீட்டு இருந்தது. புவெர்த்தா. உள்ளே மேசையில் ஒன்று, விளக்கில் ஒன்று, கடிகாரத்தில் ஒன்று. எல்லாம் மகளுடைய குண்டுக் கையெழுத்து.

"உங்களுக்காகத்தாம்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மறந்திடுமேன்னு வீடு பூரா ஒட்டி வெச்சேன். உள்ள வாங்க, உட்காருங்க."

தச்சர் உள்ளே வந்தார். உட்காரவில்லை. கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அறை மூலையில் தொட்டில். அதன் தலைப்பக்கம் 'கூனா' என்று சீட்டு. உள்ளே பேரன் வீறிட்டு அழத் தொடங்கினான்.

"தூக்குங்கப்பா," என்றாள் மகள்.

அவர் நின்றார். தொட்டிலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார்.

"என்னங்க மரம் மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "உங்க பேரன்தான். எந்த வாரத்துப் பாடமும் இல்லை."

தச்சர் ஒரு எட்டு வைத்து, சீட்டின் மூலையை நகத்தால் நெம்பி, சர்ரென்று கிழித்து எறிந்தார். குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த நாற்காலியின் முதுகிலிருந்த சீட்டையும் கிழித்தார். நாலு மாத வலி தீர, பொத்தென்று உட்கார்ந்தார்.

டொக் டொக்.

பேரன் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். தச்சர் குனிந்து பார்த்தார். பின்பக்க இடது கால், தரையைத் தொடவில்லை. கையில் குழந்தை, பயணத்துக்குப் போட்ட புதுச்சட்டையில் சில்லும் இல்லை.

"பெட்டியில அந்த சர்டிபிகேட் இருக்கு பாரு," என்றார் மனைவியிடம். "எடுத்துட்டு வா."

"இப்ப எதுக்கு அது?"

"எடேன்."

அவள் எடுத்து வந்தாள். தடித்த காகிதம், முத்திரை, அமர்ந்த நிலையில் போட்ட கையெழுத்து. அவள் நாற்காலிக் காலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை மடிப்பு?" என்றாள்.

"நாலு போதும்."

நாலாக மடித்து நாற்காலியின் காலடியில் செருகினாள். தச்சர் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். நாற்காலி ஆடவில்லை.